பெயர் வெட்டணுமா

நவாஸ்ஜான் கடையில் பாத்திரம் எடைக்கு.
பழையபேட்டை, ஞாயிறு,
மழை வரும்போல இருந்தது.
கையில் நாலாயிரத்து இருநூறு.
மாதேஷ் இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான்
சுங்கச்சாவடியின் டீசல் வாடையோடு.
"சீர் பாத்திரமா?" என்றார் பாய்.
"இல்லை, சமைக்க" என்றேன்.

அலுமினியத்தைத்தான் முதலில் இறக்கினார்.
இரண்டு விரலில் தூக்கலாம், பாதி விலை.
வேண்டாமென்றதும் காரணம் கேட்டார்.
மாங்கூழ் ஆலையில் எனக்கு
புளிப்பை அளக்கிற வேலை.
நாளைக்கு நாற்பது குப்பி.
மூன்றே முக்கால், நாலு, மறுபடி மூன்றே முக்கால் என்று
நோட்டில் எழுதியே
எந்த உலோகம் எதற்குப் பணியும் என்பது
எனக்குப் பாடம்.
இந்த ஊர்க் குழம்போ
புளியில் தொடங்கிப் புளியில் முடிவது.
அடுத்த தெரு மண்டியில் குவித்திருப்பதை நினைத்தாலே
பல் கூசும்.
"போர் தண்ணி வேற, பாய்"
என்று சிரித்துக் காட்டினேன்.
முன்பல்லில் பழுப்புக் கோடு,
பாலக்கோட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி.
பல்லிலேயே கையெழுத்துப் போடுகிற தண்ணீர்
இந்தச் சன்னத் தகட்டையா விடும்?

மாதேஷுக்குக் கறுப்பு நான்ஸ்டிக்மேல் கண்.
"எதுவுமே ஒட்டாதாம்."
இதில் களி கிண்டுவாயா என்றேன்.
கவைக்கட்டை கொடுத்து,
காலால் மிதித்துப் பிடித்து,
துடுப்பு அடிவரை போய்க் குத்தும்போது
இந்தக் கறுப்பில் எது மிஞ்சும்?
ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்,
நாய்க்குட்டியைத் திருப்பிக் கொடுக்கிறவன் மாதிரி.

பாய் இழுப்பறையிலிருந்து காந்தம் எடுத்தார்.
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கியது.
ஒரு குண்டானில் வைத்தார், வழுக்கி விழுந்தது.
"ஒட்டலன்னா நல்ல ஸ்டீல்."
இன்னொன்றில் கப்பென்று ஒட்டியது.
"இது மலிவு. புளிக்குப் புள்ளி விழும்.
அடுப்பு என்ன அடுப்பு?"

இண்டக்ஷன்.
சிலிண்டருக்கு ரேஷன் கார்டு கேட்கிறார்கள்.
நான் இன்னும் என் அப்பா பெயருக்குக் கீழே,
அவன் அவனுடைய அப்பா பெயருக்குக் கீழே.

"இண்டக்ஷனுக்கு ஒட்டணுமேம்மா"
என்றார் பாய்.
ஒட்டாதது நல்லது.
ஒட்டினால்தான் வேகும்.
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
அந்தக் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பரண்மேல் ஏறி ஒன்றைக் கொண்டுவந்தார்.
உடம்பில் ஒட்டாது, அடியில் மட்டும் ஒட்டும்.
ஆயிரத்து எண்ணூறு. கனம் கையை இழுத்தது.
இரும்புத் தோசைக்கல்லுக்குப் பேச்சே இல்லை,
காந்தத்தை அதிலிருந்து பிடுங்க
பாய்க்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
இரண்டு கரண்டி, ஒரு சொம்பு, மூடி.
களிச்சட்டி அடுத்த மாதம்.

வாசலில் மெஷினோடு ஒரு பையன்.
"பேர் வெட்டணுமாக்கா? இனிஷியலோட சொல்லுங்க,
எழுத்துக்கு ரெண்டு ரூபா."

இனிஷியலில்தான் நின்றோம்.
இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டிகூட வரவில்லை,
எழுத்து மட்டும் எதற்கு வரவேண்டும்?
"தேதி போடு" என்றான் மாதேஷ்.
பதிவு ஆபீஸ் தேதியா,
பஸ் ஏறிய ராத்திரியா?
இன்றைக்கு என்ன தேதியோ அதைப் போடு என்றேன்.
மெஷின் பல் டாக்டர் சத்தம் போட்டது.
நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிரவே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.
மறுநாள் கழுவிக் கவிழ்த்தால்
உள்ளே வெள்ளை வெள்ளையாய் வட்டம்.
"ஆயிரத்து எண்ணூறு ரூபா" என்று
பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான்.
தண்ணீர்க் கறைதான், தூங்கு என்றேன்.
பிழிந்து வைத்திருந்த புளிச்சக்கையால்
உள்ளும் வெளியும் தேய்த்தேன். போய்விட்டது.

தேதி வெட்டிய பள்ளத்தில் மட்டும்
கொஞ்சம் புளி நின்றது.
ஊசி தேடவில்லை.